சிக்னல் போகவில்லை: நானுஓயாப் பக்கம் விழுந்த ஒரு மாதிரி ஹெலிகொப்டர் பற்றிய நிகழ்வு ஆய்வு

அக்கா மகன் ஹெலிகொப்டரை ஒரு உரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து என் கடை மேசையில் வைத்தான். வாயைத் திறந்ததும் அவன் சொன்னது, “மாமா, சிக்னல் போயிருச்சு.”

இருபது வருடத்துக்கு மேலாக ரேடியோவும் டீவியும் திருத்துகிறேன். அதற்கு இணையான அனுபவம் மாதிரி விமானங்களிலும் உண்டு. “சிக்னல் போயிருச்சு” என்று வரும் பொருள்களில் பாதிக்கு மேல் சிக்னல் போனவை அல்ல. இதுவும் அப்படித்தான் முடிந்தது. ஆனால் முடிவுக்கு வர நான்கு இரவுகள் பிடித்தன. மலைநாட்டில் இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிற பிள்ளைகள் இப்போது ஒன்றிரண்டு பேர் இருக்கிறார்கள். இதே குழியில் அவர்கள் விழக்கூடாது என்பதற்காக நடந்ததை முழுமையாக எழுதுகிறேன்.

விழுந்தது 450 அளவு மின்சார ஹெலிகொப்டர். பிரதான இறக்கை ஒவ்வொன்றும் 325 மில்லிமீட்டர். 3 செல் 2200 மில்லியம்பியர் மணி லித்தியம் பொலிமர் பெட்டரி. இறக்கைகளின் கோணத்தை மாற்றும் தட்டான ஸ்வாஷ்பிளேட்டை அசைக்க 120 பாகை இடைவெளியில் மூன்று சர்வோ, அதாவது கை வைத்த சின்ன மோட்டார், வாலுக்கு ஒன்று. சமநிலைத் தண்டு இல்லாத ஃப்ளைபார்லெஸ் வகை என்பதால் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் நடுவில், ஹெலிகொப்டர் திரும்புவதை உணரும் கைரோவோடு ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. ரேடியோ 2.4 கிகாஹேர்ட்ஸ். கொழும்பில் ஒருவரிடமிருந்து டிரான்ஸ்மிட்டரோடு சேர்த்து வாங்கியது. வாங்குகிற அன்று அங்கே ஒரு மைதானத்தில் பறக்கவிட்டுக் காட்டியிருக்கிறார். அருமையாகப் பறந்ததாம்.

இங்கே வந்து தோட்டத்து கிரவுண்டில் ஏற்றியபோது ஹெலிகொப்டர் “சோர்ந்து” பறந்திருக்கிறது. தூக்குவதற்கு ஸ்டிக்கை வழக்கத்தைவிட மேலே தள்ள வேண்டியிருந்தது. வேகமாக ஏற்றினால் வால் ஒரு பக்கம் இழுத்தது. அடுத்த வாரம் அவன் டிரான்ஸ்மிட்டரில் ஏதோ மாற்றிக்கொண்டு போனான். இப்போது நன்றாகத் தூக்கியது. மூன்று பறப்பு சரியாகப் போனது. நாலாவது பறப்பின் நாலாவது நிமிடத்தில் கல் மாதிரி விழுந்தது.

அந்த “ஏதோ மாற்றினேன்” என்ற இரண்டு சொல்லை அவன் மூன்றாம் நாள்தான் சொன்னான். முதல் நாளே கேட்டிருந்தால் இரண்டு இரவு மிச்சமாகியிருக்கும்.

வீடியோ சொன்ன கதை

நல்ல வேளையாக அவனுடைய தங்கச்சி கைப்பேசியில் படம் எடுத்திருந்தாள். விழுகிற பகுதி மொத்தம் ஆறு விநாடி. அதை ஐம்பது தடவையாவது பார்த்திருப்பேன், பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டு, சத்தத்தை மட்டும் கேட்டபடி.

ஹெலிகொப்டர் தலைக்கு மேல் இரண்டு ஆள் உயரத்தில் நிற்கிறது. அவன் முழு ஸ்டிக்கையும் மேலே தள்ளி, அதோடு வலப்பக்கம் சாய்க்கிறான். ஏறுகிறது. மோட்டார் சத்தம் சட்டென்று அறுகிறது. ஹெலிகொப்டர் சாய்ந்த நிலையிலேயே கீழே வருகிறது. எந்தத் திருத்தமும் இல்லை, வாலும் சுழல்கிறது. புல்லில் மோதிய பின், சிதைந்து கிடக்கும்போது, சர்வோக்கள் ஒருமுறை துள்ளுகின்றன. பின்னணியில் மோட்டார் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின், அதாவது ஈ.எஸ்.சியின், “பீப்” சத்தம்.

இதில் மூன்று சந்தேக நபர்கள். முதலாவது, சிக்னல் அறுந்தது. இரண்டாவது, பெட்டரி இறங்கியதால் ஈ.எஸ்.சி தானாகவே மோட்டாரை நிறுத்தியது. மூன்றாவது, ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் போகிற மின்சாரமே நின்றது.

பெட்டரி இறங்கியிருந்தால் மோட்டார் மட்டும்தான் சோர்ந்திருக்கும். ஸ்வாஷ்பிளேட் உயிரோடு இருந்திருக்கும். அவன் ஸ்டிக்கை இழுத்ததற்கு ஹெலிகொப்டர் ஏதாவது பதில் சொல்லியிருக்கும். சிக்னல் அறுந்திருந்தாலும் கைரோ வேலை செய்துகொண்டுதான் இருக்கும், அது ரிசீவரைக் கேட்டு இயங்குவதில்லை. ஹெலிகொப்டர் இருந்த கோணத்தைப் பிடித்து வைக்கப் பார்க்கும், வாலையும் பிடிக்கும். இங்கே எதுவுமே நடக்கவில்லை. தரையில் கிடக்கும்போது சர்வோக்கள் துள்ளியது ஃப்ளைபார்லெஸ் பெட்டி புதிதாக விழித்துக்கொள்ளும் அசைவு. பெட்டரி இணைக்கும்போது தினமும் பார்க்கிற அதே துள்ளல். ஆகவே ஆகாயத்தில் அந்தப் பெட்டி செத்துப்போய், தரையில் மீண்டும் பிறந்திருக்கிறது.

ரிசீவர் ஒரு விநாடியில் மீண்டும் இணைந்துவிடலாம். ஃப்ளைபார்லெஸ் பெட்டி அப்படியில்லை. அது தன் கைரோவின் பூஜ்யத்தைக் கணிக்க அசையாமல் நிற்க வேண்டும். விழுந்துகொண்டிருக்கும் ஹெலிகொப்டர் எங்கே அசையாமல் நிற்பது? அதனால் ஃப்ளைபார்லெஸ் ஹெலிகொப்டரில் அரை விநாடி மின்வெட்டும் முழு விபத்துதான். பழைய சமநிலைத் தண்டு வகையில் தப்பிக்கிற வாய்ப்பு கொஞ்சம் இருந்தது.

மூடுபனி மீது விழுந்த பழி

கிரவுண்டில் நின்ற எல்லோரும் பனியைத்தான் சொன்னார்கள். அன்று காலை ரயில் பாதைப் பக்கமிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது உண்மை. “மைக்ரோவேவ் அடுப்பும் 2.4 தானே, தண்ணி அதை உறிஞ்சும்ல?” என்று ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. அடுப்பு 2.45 கிகாஹேர்ட்ஸில் ஓடுகிறது, தண்ணீர் அதை உறிஞ்சுவதும் உண்மை. ஆனால் ஒரு கன மீட்டர் மூடுபனியில் உள்ள தண்ணீர் பொதுவாக ஒரு கிராமுக்கும் குறைவு. அலையின் நீளமோ 12.5 சென்டிமீட்டர். அந்த நுண்ணிய துளிகள் இந்த அலைக்கு இல்லாத மாதிரிதான். நூறு மீட்டருக்குள் பறக்கிற பொருளுக்கு மூடுபனி செய்யும் கெடுதல் ஒன்றே ஒன்று: ஹெலிகொப்டர் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரியாமல் போவது. அது போதும் விபத்துக்கு. அன்று அது நடக்கவில்லை.

மலைநாட்டில் சிக்னலுக்கு உண்மையான எதிரி மேடு பள்ளம். கிரவுண்டின் விளிம்பைத் தாண்டி கீழே தேயிலை மலைப்பக்கம் இறங்கினால் நடுவில் மண் வந்துவிடும். நனைந்த டர்பன்டைன் மரங்களும் அலையை நன்றாகக் குடிக்கும். இந்த ஹெலிகொப்டர் அவன் கண் முன்னால் இருபது மீட்டரில் நின்றது.

ரிசீவரின் அன்டனாக்களில் குறை இருந்ததை மறைக்கமாட்டேன். இரண்டு வயரையும் ஒரே திசையில் கார்பன் ஃபைபர் சட்டத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். நுனியில் உறை உரித்த 31 மில்லிமீட்டர்தான் உண்மையான அன்டனா, கால் அலைநீளம். அது கார்பனுக்குப் பின்னால் ஒளிந்தால் அந்தப் பக்கம் குருடு. குறைந்த திறனில் வைத்துத் தூரச் சோதனை செய்தபோது மூன்று பக்கம் 30 எட்டு எடுத்துவைத்தும் தாராளமாக இயங்கியது, இடப்பக்கம் மட்டும் 22 எட்டில் தடுமாறியது. பிளாஸ்டிக் குழாய் இரண்டு செருகி, வயர்களை ஒன்றுக்கொன்று 90 பாகையில் சட்டத்துக்கு வெளியே நீட்டிய பிறகு எல்லாப் பக்கமும் 40 எட்டு தாண்டியது. இது திருத்த வேண்டிய குறைதான். ஆனால் இது அன்றைய விபத்தின் காரணம் அல்ல. இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் அன்டனாவைத் திருத்திவிட்டு மறுபடியும் விழுத்தியிருப்போம்.

மேசையில்

மோட்டாரின் மூன்று வயரையும் கழற்றிவிட்டுத்தான் மேசை வேலையைத் தொடங்கினேன். இதில் யாருக்கும் விதிவிலக்கு இல்லை. இந்த அளவு ஹெலிகொப்டரின் இறக்கை நுனி மணிக்கு 350 கிலோமீட்டர் வேகத்தில் போகும். கடை மேசையில் அது தற்செயலாகக் கிளம்பினால் என்ன ஆகும் என்று எழுதத் தேவையில்லை.

ரிசீவரின் காலியான துளையில் ஒசிலோஸ்கோப்பை மாட்டினேன். சாதாரண மல்டிமீட்டர் இதற்குப் போதாது, ஒரு கண நேரச் சரிவை அது காட்டாது. ஸ்டிக்கைத் தொடாதபோது 5.0 வோல்ட். மெதுவாகக் கலக்கினால் 4.8. முழு ஸ்டிக் மேலே, அதோடு வலப்பக்கம், வீடியோவில் அவன் செய்த அதே அசைவு: 3.9. அப்படியே நாலு நிமிடம் விடாமல் கலக்கிவிட்டு மறுபடி அந்த மூலைக்குப் போனேன். 3.2 வோல்ட். ரிசீவர் விளக்கு அணைந்தது, சர்வோக்கள் தளர்ந்தன, பிறகு அந்தத் துள்ளல். வீடியோவில் பார்த்தது மேசையில் நடந்தது.

ரிசீவருக்கு 5 வோல்ட் கொடுப்பது ஈ.எஸ்.சிக்குள்ளேயே இருக்கும் பி.இ.சி என்ற சுற்று. இதில் இருந்தது பழைய லீனியர் வகை, 2 அம்பியர். லீனியர் என்றால் தேவையில்லாத வோல்ட்டைச் சூடாக எரித்துத் தள்ளும். பெட்டரி 12 வோல்ட், வெளியே 5, நடுவில் 7 வோல்ட். 2 அம்பியர் இழுத்தால் 14 வாட் சூடு. சின்ன சாலிடரிங் அயனில் பாதி. நகத்தளவு சிப் ஒன்று அதைத் தாங்காது, சூடேறியதும் தன்னைக் காத்துக்கொள்ள வெளியீட்டைக் குறைக்கும்.

“குளிரில் பெட்டரி சோர்ந்ததுதான் காரணம்” என்றும் சிலர் சொன்னார்கள். பி.இ.சியைப் பொறுத்தவரை இது தலைகீழ். பெட்டரி நிறைந்திருந்தால்தான் அது அதிகம் சூடாகும்.

சரி, சர்வோக்கள் ஏன் இவ்வளவு இழுத்தன? அந்த மூலையில் ஸ்டிக்கைப் பிடித்தால் ஒரு சர்வோ ரீங்காரமிட்டது. காதை வைத்துக் கேட்டால் தெளிவாகத் தெரியும். கிட்டப் பார்த்தால் அதன் கை சட்டத்தில் முட்டிக்கொண்டு, இன்னும் போக முயன்றுகொண்டிருந்தது. முட்டி நிற்கும் சர்வோ தன் உச்ச மின்னோட்டத்தை இழுக்கும். இந்தச் சின்ன டிஜிட்டல் சர்வோ தனியாகவே ஒரு அம்பியருக்கு மேல். மற்ற இரண்டும் சுமையோடு ஓட, வால் சர்வோவும் வேலை செய்ய, 2 அம்பியர் எங்கே போதும்?

அப்புறம்தான் கேட்டேன், “டேய், ரிமோட்டில என்னத்த மாத்துன?”

“பிட்ச் டிராவல 100ல இருந்து 125க்கு ஏத்துனேன் மாமா. தூக்கல, அதான்.” பிட்ச் என்றால் இறக்கைக் கோணம், டிராவல் என்றால் அது போகக்கூடிய தூரம்.

கொழும்பிலிருந்து மேலே வந்தபோது மாறியது

அவன்மேல் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. ஹெலிகொப்டர் தூக்கவில்லை என்று அவன் கண்டது உண்மை, காரணமும் உண்மை. கடல் மட்டத்தில் அமைத்த ஹெலிகொப்டரை ஏறத்தாழ 1600 மீட்டருக்குக் கொண்டுவந்திருக்கிறோம். கொழும்பின் 30 பாகை வெப்பக் காற்றோடு ஒப்பிட்டால் இங்கே காலைக் குளிர்க் காற்று ஏறத்தாழ 13 சதவீதம் அடர்த்தி குறைவு. நம் குளிர் கொஞ்சம் ஈடுகட்டுகிறது, இல்லாவிட்டால் இன்னும் மோசமாக இருக்கும். 1868 மீட்டரில் இருக்கும் நுவரெலியா டவுனில் இன்னும் மெல்லிய காற்று.

காற்று மெலிந்தால் அதே கோணத்தில், அதே சுழற்சி வேகத்தில் தூக்கு விசையும் அதே அளவு குறையும். ஈடுகட்ட இரண்டு வழி. இறக்கைக் கோணத்தைக் கூட்டலாம், அல்லது சுழற்சியைக் கூட்டலாம். அவன் முதலாவதைச் செய்தான், அதையும் தவறான இடத்தில் செய்தான். ஃப்ளைபார்லெஸ் பெட்டியில் சர்வோக்களின் எல்லையைத் தட்டாத அளவுக்கு அமைத்து வைத்திருந்தார் பழைய சொந்தக்காரர். டிரான்ஸ்மிட்டரில் டிராவலைக் கூட்டியபோது அந்த எல்லை அர்த்தமில்லாமல் போனது. கோணமானியால் அளந்தேன்: மேலே 14.5 பாகை, கீழே 13. இந்த ஹெலிகொப்டருக்கு 11 போதும்.

கோணத்தைக் கூட்டுவதில் இன்னொரு கெடுதலும் உண்டு. முழுக் கோணத்தில் மோட்டார் திணறும், சுழற்சி இறங்கும். வால் இறக்கை பிரதான அச்சோடு பல்சக்கரத்தால் பிணைந்தது, அதுவும் சேர்ந்து இறங்கும். மெல்லிய காற்றில் ஏற்கனவே பலம் குறைந்த வால் இன்னும் தளரும். அவன் சொன்ன “வால் இழுக்குது” இதுதான். கைரோவைக் குறை சொல்லிப் பயனில்லை.

சுழற்சியைக் கூட்டினால் இரண்டும் ஒன்றாகத் தீரும். தூக்கு விசை சுழற்சியின் வர்க்கத்தோடு ஏறுவதால் 13 சதவீதத்தை ஈடுகட்ட 7 சதவீதம் கூட்டினால் போதும். கொழும்பு அமைப்பில் த்ரொட்டில் வளைவு, அதாவது ஸ்டிக் நிலைக்கேற்ப மோட்டாருக்குக் கொடுக்கும் அளவு, 75 சதவீதத்தில் தட்டையாக இருந்தது. அதில் டேக்கோமீட்டர் நிமிடத்துக்கு 2480 சுற்று காட்டியது. 85க்கு ஏற்றியதும் 2640. கணக்கு கேட்டது 2650. இதைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை அக்கா மகன் புரிந்துகொண்டான் என்று நினைக்கிறேன், அவனும் சிரித்தான்.

மறுபடி அமைத்த விதம்

டிரான்ஸ்மிட்டரில் பழைய மாதிரி நினைவகத்தை விட்டுவிட்டு வெறுமையான ஒன்றிலிருந்து தொடங்கினோம். ஸ்வாஷ் வகை ஒற்றைச் சர்வோ. இதில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள்: ஹெலிகொப்டரில் 120 பாகை ஸ்வாஷ் இருக்கிறது என்பதற்காக டிரான்ஸ்மிட்டரிலும் 120 என்று போட்டுவிடுவார்கள். மூன்று சர்வோக்களைக் கலக்கும் வேலையை ஃப்ளைபார்லெஸ் பெட்டி செய்கிறது. டிரான்ஸ்மிட்டரும் கலக்கினால் இரட்டைக் கலப்பு, ஸ்டிக்கை ஒரு பக்கம் தள்ளினால் ஸ்வாஷ் இன்னொரு பக்கம் போகும். டிரிம், சப்டிரிம் என்ற நுண்திருத்தங்கள் எல்லாம் பூஜ்யம். டிராவல் எல்லாம் 100, இனி யாரும் தொடக்கூடாது.

சர்வோக் கைகளைக் கழற்றி, மின்சாரம் கொடுத்து நடுநிலைக்கு வந்த பிறகு, தண்டுக்கு 90 பாகையில் மறுபடி மாட்டினோம். மிச்சமிருந்த சின்னக் கோணலை மட்டும் பெட்டியின் அமைப்பில் சரிசெய்தோம். முழுப் பிட்ச் மேலும் கீழும் 11 பாகை. ஒவ்வொரு மூலைக்கும் ஸ்டிக்கைக் கொண்டுபோய்க் காதை வைத்துக் கேட்டோம், எங்கும் ரீங்காரம் இல்லை. கைரோவின் திசையைக் கையால் சோதித்தோம்: மூக்கை முன்னால் சாய்த்தால் ஸ்வாஷ் பின்னால் சாய வேண்டும். மூக்கை இடப்பக்கம் திருப்பினால் வால் இறக்கைகள் வலது ரடர் ஸ்டிக்குக்குத் திரும்புகிற மாதிரியே திரும்ப வேண்டும். இதில் ஒன்று தலைகீழாக இருந்தாலும் ஹெலிகொப்டர் தரையை விட்டு ஒரு சாண் எழுவதற்குள் கவிழ்ந்துவிடும்.

பி.இ.சியை மாற்றினோம். ஈ.எஸ்.சியின் சிவப்பு வயரை விடுவித்து, தனியாக 5 அம்பியர் சுவிட்சிங் வகை ஒன்றைப் பெட்டரியிலிருந்து இணைத்தோம். அதில் 6 வோல்ட்டும் எடுக்கலாம், நான் 5இலேயே வைத்தேன். வால் சர்வோ பழையது, 6 அதற்கு ஆகாது. ரிசீவரில் ஒரு கபாசிட்டர் செருகினால் போதாதா என்று கேட்டான். கண நேரச் சரிவுக்கு அது நல்லது. முட்டி நிற்கும் சர்வோவுக்கு அது மருந்தல்ல, நோயை ஒரு விநாடி தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

இனிச் சொல்லப்போவது விபத்துக்குக் காரணம் அல்ல, ஆனால் என் தூக்கத்தைக் கெடுத்தது இதுதான். இறக்கைகளைக் கழற்றி, மோட்டாரை மெதுவாக ஓடவிட்டு, டிரான்ஸ்மிட்டரை அணைத்தேன். மோட்டார் நிற்கவில்லை. சிக்னல் போனால் என்ன செய்வது என்று சொல்லும் அமைப்பு, அதாவது ஃபெயில்சேஃப், “கடைசி நிலையைப் பிடி” என்று இருந்தது. அதாவது உண்மையிலேயே என்றைக்காவது சிக்னல் போயிருந்தால் ஹெலிகொப்டர் முழு வேகத்தில் எங்காவது போய்க்கொண்டே இருந்திருக்கும். ஞாயிறு காலை அந்த கிரவுண்டில் லயத்துப் பிள்ளைகள் இருபது பேராவது இருப்பார்கள். ஹெலிகொப்டர் என்றால் கிட்ட ஓடிவருவார்கள், யார் சொன்னாலும் கேட்கமாட்டார்கள். த்ரொட்டிலை அடியில் வைத்து ரிசீவரை டிரான்ஸ்மிட்டரோடு மறுபடி இணைத்து, அதாவது பைண்ட் செய்து, அணைத்தால் மோட்டார் நிற்கிறதா என்று ஐந்து முறை பார்த்தோம். ஐந்து முறையும் நின்றது. உங்களிடம் ஹெலிகொப்டர் இருந்தால் இதை வாசித்து முடித்ததும் இந்த ஒரு சோதனையையாவது செய்யுங்கள், இறக்கையைக் கழற்றிவிட்டு.

மறுபடி கிரவுண்டில்

சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகளை அவன் ஏற்கனவே பார்த்து வைத்திருந்தான், தோட்ட அதிகாரியிடமும் சொல்லியிருந்தோம். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு டிரோன் பறப்பதற்கே தடை வந்த காலத்தை ஆட்கள் மறக்கவில்லை, ஆகாயத்தில் ஏதாவது இரைந்தால் இன்றும் கேள்வி வரும். பிள்ளைகளைக் கோயில் பக்கத்துப் படிக்கட்டில் உட்காரவைத்து, அக்காவைக் காவல் போட்டோம்.

தூரச் சோதனையை இந்த முறை மோட்டார் ஓடும்போதே, அக்கா மகன் ஹெலிகொப்டரின் சறுக்குக்கால்களைத் தரையோடு அழுத்திப் பிடிக்க, இறக்கை இல்லாமல் செய்தோம். மோட்டாரும் பி.இ.சியும் கிளப்பும் இரைச்சல் அப்போதுதான் தெரியும். குறையில்லை. இறக்கைகளை மாட்டி, அவனைத் தூரத்தில் நிற்கவைத்து ஏற்றச் சொன்னேன். நடு ஸ்டிக்குக்குக் கொஞ்சம் மேலேயே ஹெலிகொப்டர் அமைதியாக நின்றது. முழு ஸ்டிக், வலப்பக்கச் சாய்வு, அதே அசைவு, பத்து முறை. ஐந்து நிமிடத்தில் இறக்கிப் பி.இ.சியைத் தொட்டுப் பார்த்தேன், இளஞ்சூடு.

வால் மட்டும் வேகமாக நடுங்கியது. சுழற்சி கூடினால் வாலின் பலமும் கூடும், கைரோவின் உணர்திறனைக் குறைக்க வேண்டும். 70இலிருந்து 62க்கு இறக்கினோம், நடுக்கம் நின்றது. 64இல் மறுபடி மெல்ல வந்தது. 62இலேயே விட்டிருக்கிறோம். ஏப்ரலில் காற்று கொஞ்சம் சூடாகும்போது மறுபடி பார்க்கலாம் என்று அவன் கொப்பியில் குறித்து வைத்திருக்கிறான்.